கரி எஞ்சினும் கணக்கு நோட்டும்: வாசகர் கேள்வி பதில்

போன வாரம் முழங்கால் வலிக்கு நடைப்பயிற்சி நல்லதான்னு ஒருத்தர் கேட்டிருந்தார். பதிலுக்கு நடுவுல, "சின்ன வயசுல நாங்க ஸ்டேஷனுக்கு நடந்தே போய் ரயில் எஞ்சின் நம்பரை எல்லாம் கணக்கு நோட்டுப் பின்னாடி எழுதிட்டு வருவோம்"னு போற போக்குல ஒரு வரி விட்டேன். முழங்காலைப் பத்தி ஒரு லெட்டர் வரல. வந்தது பூராவும் அந்த எஞ்சினுக்குத்தான். சரி, இந்த வாரம் முழுக்க அதுவே இருந்துட்டுப் போகட்டும், முழங்கால் அடுத்த வாரம் வரைக்கும் பொறுத்துக்கட்டும்.

எஞ்சின் நம்பரை எழுதி வச்சு என்ன சார் பண்ணீங்க? அதுல என்ன சுகம்? (விருதுநகர் வாசகர்)

ஒண்ணும் பண்ணலைங்க. இதே கேள்வியைத்தான் எங்க அப்பாவும் கேட்டார், கையில வேப்பங்குச்சியோட.

நான் வளந்தது சாத்தூர். உங்களுக்கு பக்கத்து ஊருதான், சொல்லவே வேண்டாம், பிளாட்பாரத்துல வெள்ளரிப்பிஞ்சு கூடையும் சேவு பொட்டலமும் இல்லாம ஒரு வண்டியும் எங்க ஊரைத் தாண்டுனதில்ல. 1979ல நான் மூணாம் கிளாஸ். மதுரையில இருந்து மணியாச்சி வழியா தூத்துக்குடி, திருநெல்வேலி போற அந்த லைன் அப்ப மீட்டர்கேஜ் (ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல ஒரு மீட்டர் அகலம்), ஒத்தை லைன். எக்ஸ்பிரஸ் எல்லாம் டீசலுக்கு மாறிக்கிட்டு இருந்துச்சு, பாசஞ்சரும் கூட்ஸும் இன்னும் கரி எஞ்சின்லதான் வரும். ஸ்கூல் விட்டதும் நானும் எங்க சித்தப்பா மகனும் பையை வீட்டுல எறிஞ்சுட்டு ஒரே ஓட்டம். எங்களுக்குன்னு ஒரு இடம் உண்டு, பிளாட்பாரம் முடிஞ்சு சரிவா இறங்குற இடத்துல ஒரு புங்க மரம், அதுக்கடியில.

மொதல்ல கம்பி பேசும். கைகாட்டி மரத்துக்கு, அதான் சிக்னலுக்கு, போற இரும்புக் கம்பி லைன் ஓரமா சின்னச் சின்ன உருளை மேல ஓடும்ல, ஸ்டேஷன்ல லீவரை இழுத்தா அந்த உருளை எல்லாம் வரிசையா 'கிரீச் கிரீச்'னு திரும்பும், அப்புறம் தூரத்துல கைகாட்டி கையைக் கீழ தொங்கப் போடும். "கைகாட்டி விழுந்துருச்சுடா"ன்னு கத்துறதுல யாரு முந்துறதுங்கறதே ஒரு போட்டி. அதுக்கப்புறம் பத்து நிமிஷம் ஒண்ணும் நடக்காது, வெயிலு, ஈ, தண்டவாளத்துல காதை வச்சுப் பாக்குறது (செய்யக்கூடாத வேலை, செஞ்சோம்), அப்புறம் கரும்புகை, அப்புறம் சத்தம், அப்புறம் பூமியே அதிருற மாதிரி அது வந்து நிக்கும். வந்ததும் நம்பரை எழுதணும். எழுதுனதும் ஓடிப்போய் பழைய பக்கம் எல்லாம் புரட்டி இந்த நம்பர் ஏற்கெனவே இருக்கான்னு பாக்கணும். புதுசா இருந்தா அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராது. இதுதான் சுகம், இதுக்கு மேல விளக்கச் சொன்னா எனக்குத் தெரியல. தபால்தலை சேக்குறவன்கிட்டயும் இதைக் கேட்டுப் பாருங்க, அவனும் முழிப்பான்.

ரூல்ஸ் உண்டு. அவனவன் கண்ணால பாத்ததுதான் கணக்கு, அடுத்தவன் சொன்னது செல்லாது. சித்தப்பா மகன் ஒருதடவை காய்ச்சல்ல படுத்துக்கிட்டே மூணு புது நம்பர் எழுதிட்டான், ஜன்னல் வழியா பாத்தேன்னு சத்தியம் பண்ணான், அவங்க வீட்டு ஜன்னல் மாட்டுக்கொட்டத்தைப் பாத்தது. அந்தச் சண்டை இன்னும் தீரல, போன பொங்கலுக்குக்கூட பேச்சு வந்துச்சு.

ஒய்பி, ஒய்ஜி, டபிள்யூபின்னு எஞ்சின்ல எழுதியிருப்பாங்களே, அந்த எழுத்துக்கு எல்லாம் என்ன அர்த்தம்? (மயிலாடுதுறை வாசகர்)

மொத எழுத்து தண்டவாளத்தோட அகலம். டபிள்யூன்னா பிராட்கேஜ், ஒய்ன்னா மீட்டர்கேஜ், இசட்ன்னா அதைவிட சின்ன நேரோகேஜ். நீராவி எஞ்சினுக்கு ரெண்டாவது எழுத்து வேலை: பின்னா பாசஞ்சர், ஜின்னா கூட்ஸ். டீசல்னா நடுவுல ஒரு டி வந்து உக்காந்துக்கும், அதான் ஒய்டிஎம்4.

ஆக ஒய்பி மீட்டர்கேஜ் பாசஞ்சர் எஞ்சின், ஒய்ஜி மீட்டர்கேஜ் கூட்ஸ் எஞ்சின். ஆனா எங்க லைன்ல இந்த ஜாதி பேதம் எல்லாம் ரொம்ப பாக்க மாட்டாங்க, கையில எது இருக்கோ அதைப் பூட்டி அனுப்பிருவாங்க. எழுத்தைப் பாக்காமலே எங்களுக்கு அடையாளம் தெரியும். ஒய்பிக்கு பெரிய சக்கரம், நாலரை அடி உசரம், ஒரு பக்கத்துக்கு மூணு. ஒய்ஜிக்கு நாலு அடிச் சக்கரம், ஒரு பக்கத்துக்கு நாலு. சின்ன சக்கரம்னா இழுவை ஜாஸ்தி, வேகம் கம்மி, கூட்ஸுக்கு அதுதான் தேவை. ஒய்பி நம்பர் எல்லாம் ரெண்டாயிரத்துல ஆரம்பிக்கும், ஒய்ஜி மூவாயிரம், நாலாயிரம்.

டபிள்யூபியை நான் பாத்தது ஆறாம் கிளாஸ் லீவுல, அத்தை வீட்டுக்கு மெட்ராஸ் போனப்ப. சென்ட்ரல்ல. மூக்கு துப்பாக்கிக் குண்டு மாதிரி முன்னாடி நீட்டிக்கிட்டு, அதுல ஒரு நட்சத்திரம் வேற. 1947ல அமெரிக்காவுல பால்ட்வின் கம்பெனியில இருந்து வர ஆரம்பிச்ச வகை அது, அப்புறம் மேற்கு வங்கத்துல இருக்குற நம்ம சித்தரஞ்சன் ஃபேக்டரியிலயே செஞ்சாங்க. அதைப் பாத்துட்டு வந்து எங்க ஒய்பியைப் பாத்தா, பட்டணத்து மாப்பிள்ளையைப் பாத்துட்டு நம்ம ஊரு மச்சானைப் பாத்த மாதிரி இருந்துச்சு. ரெண்டு நாள்தான், அப்புறம் மச்சானே போதும்னு ஆயிருச்சு.

ரயில் எஞ்சின் 'ஜிக்குபுக்கு ஜிக்குபுக்கு'ன்னு சத்தம் போடுறது ஏன்? என் மகள் கேட்கிறாள், எனக்கு பதில் தெரியலை. அவள் பார்த்ததெல்லாம் மெட்ரோ. (சென்னை வாசகி)

நல்ல கேள்விம்மா, மகளைப் பக்கத்துல உக்கார வச்சுப் படிங்க.

நீராவி எஞ்சின்னா அடிப்படையில ஒரு பெரிய படுக்கை வசத்துப் பானை. பின்பக்கம் அடுப்பு. அடுப்புல எரியுற கரியோட சூடும் புகையும் பானைக்குள்ள போற நிறைய குழாய் வழியா முன்னாடி போகும், அந்தக் குழாயைச் சுத்தி தண்ணி, அது கொதிச்சு நீராவியாகும். நீராவிக்கு வெளிய போகணும்னு அவசரம், விடமாட்டோம், அடைச்சு வச்சு அந்த அழுத்தத்தை சிலிண்டருக்குள்ள விடுவோம். அது பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் ஒரு நீளக் கம்பியைத் தள்ளும், கம்பி சக்கரத்தைச் சுத்தும்.

சத்தம் எங்க வருதுன்னா, தள்ளி முடிச்ச நீராவி சிலிண்டரை விட்டு வெளிய போற இடத்துலதான். அதை சும்மா காத்துல விடமாட்டாங்க, புகைபோக்கிக்கு நேர் கீழ ஒரு குழாய் வழியா மேல பீய்ச்சி அடிக்க விடுவாங்க. அது போற வேகத்துல புகையையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போகும், புகை போன இடத்துக்கு அடுப்பு வழியா புதுக் காத்து உள்ள வரும், தீ இன்னும் நல்லா பிடிக்கும். வண்டி எவ்வளவு கஷ்டப்பட்டு இழுக்குதோ அவ்வளவு நீராவி பீய்ச்சும், அவ்வளவு காத்து உள்ள வரும், அவ்வளவு தீ எரியும். ஊதுகுழல் வச்சு தன் அடுப்பை தானே ஊதிக்கிற எஞ்சின்! இதை யோசிச்சவனுக்கு கோயில் கட்டலாம்.

ஒவ்வொரு பீய்ச்சலும் ஒரு 'புக்கு'. பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு சிலிண்டர், ஒவ்வொண்ணும் முன்னாடி ஒரு தள்ளு பின்னாடி ஒரு தள்ளு, அப்ப சக்கரம் ஒரு சுத்து சுத்துனா நாலு புக்கு. கிளம்பும்போது தனித்தனியா எண்ணலாம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துல ஒய்பியோட நாலரை அடிச் சக்கரம் செகண்டுக்கு ரெண்டரை சுத்துக்கு மேல சுத்தும், அதாவது செகண்டுக்கு பத்து புக்கு, காது எண்ண முடியாம ஒரே இரைச்சலா கேக்கும். நாங்க சக்கரம் வழுக்குறதுக்குக் காத்திருப்போம். மழை தூறுற அன்னிக்கு கூட்ஸ் கிளம்பும்போது மெதுவா 'புக்... புக்...'னு போய்க்கிட்டே இருக்கும், திடீர்னு பிடி விட்டு 'புக்புக்புக்புக்'னு சக்கரம் நின்ன இடத்துலயே சுத்தும், டிரைவர் அலறி அடிச்சு நீராவியைக் குறைப்பார், தண்டவாளத்துல மணல் விடுவார், மறுபடி 'புக்... புக்...'. எங்களுக்கு அது சர்க்கஸ். உள்ள இருந்தவங்களுக்கு என்னவா இருந்துச்சுன்னு கீழ ஒரு லெட்டர் இருக்கு, அங்க வரேன்.

கண்ணுல கரித்தூள் விழுந்தா என்ன வைத்தியம்? (கோவை வாசகர்)

இப்ப விழ வாய்ப்பே இல்லையே, பழைய கணக்கைக் கேக்குறீங்க. அம்மா முந்தானையைச் சுருட்டி வாயில வச்சு சூடா ஊதி கண்ணுல ஒத்தி எடுப்பாங்க. கரி போகாது, அழுகை போயிரும். ஜன்னல் சீட்டு வேணும்னு அடம் பிடிச்சதுக்கு அடுத்த ஸ்டேஷன்ல ஒரு குட்டும் கிடைக்கும். கல்யாணத்துக்குப் போறவங்க வெள்ளைச் சட்டையைப் பையில வச்சுக்கிட்டு இறங்கித்தான் மாத்துவாங்க.

கரி நம்ம நாட்டிலேயே வெட்டி எடுக்கிறோம். டீசல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. அப்படியிருக்க நீராவி எஞ்சினை ஏன் ஒழித்தார்கள்? (திருச்சி வாசகர், ஓய்வு பெற்ற ஆசிரியர்)

ஐயா, நீங்க சொல்ற காரணத்தாலதான் நம்ம நாட்டுல அது இவ்வளவு நாள் தாங்குச்சு. 1973ல எண்ணெய் விலை எகிறுனப்ப கரி வண்டிக்கு இன்னும் கொஞ்சம் ஆயுள் கிடைச்சுது. இருந்தும் தாங்காததுக்கு முக்கியக் காரணம் அதோட வயிறு. எரிக்கிற கரியில இருக்குற சக்தியில பத்துல ஒரு பங்குகூட சக்கரத்துக்கு வந்து சேராது, மிச்சம் பூரா புகையாவும் சூடாவும் வானத்துக்குத்தான். டீசல்ல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு தேறும். அதுபோக கரி எஞ்சின் காலையில சாவி போட்டா கிளம்புற சாமான் இல்ல, ஆறின எஞ்சின்ல நீராவி ஏத்த பல மணி நேரம் ஆகும். கரி ஏத்தணும், தண்ணி பிடிக்கணும், சாம்பல் தள்ளணும், குழாய் துடைக்கணும், முன்பக்கம் திரும்ப டர்ன்டேபிள்ல ஏத்திச் சுத்தணும். அந்தக் கரியையும் தென்கோடிக்குக் கொண்டுவர வடக்க சுரங்கத்துல இருந்து இன்னொரு ரயில் ஓடணும். கரி சுமக்க ரயில், ரயில் ஓட கரி!

நம்ம பக்கத்துல இதை ரொம்ப சீக்கிரம் புரிஞ்சுக்கிட்டவங்க மெட்ராஸ்காரங்க. பீச்–தாம்பரம் மீட்டர்கேஜ்ல 1931லயே மின்சார ரயில் ஓடுச்சு. அறுபதுகள்ல அந்தக் கம்பி விழுப்புரம் வரைக்கும் நீண்டுருச்சு. அதுக்குத் தெற்க இருந்த நாங்கதான் புகையிலயே இருந்தோம்.

சித்தரஞ்சன்ல பிராட்கேஜுக்கு கடைசி நீராவி எஞ்சின் செஞ்சது 1970ல. அதுக்கு 'அந்திம் சிதாரா'ன்னு பேரு வச்சாங்க, இந்தியில கடைசி நட்சத்திரம். மீட்டர்கேஜுக்கு 1972. அப்ப யோசிச்சுப் பாருங்க, நான் 79ல நோட்டை எடுத்துக்கிட்டுப் போனப்பவே ஃபேக்டரியில நீராவி எஞ்சின் செய்யறதை நிறுத்தி ஏழு வருஷம் ஆச்சு. புதுசா ஒரு எஞ்சின்கூட பிறக்காத ஒரு கூட்டத்தைத்தான் நான் எண்ணிக்கிட்டு இருந்திருக்கேன், அது எனக்குத் தெரியாது. ரெண்டாவது நோட்டுல புது நம்பர் கம்மியாகிட்டே வந்ததுக்கு 'எல்லாத்தையும் பாத்து முடிச்சுட்டோம்'னு நாங்க பெருமைப்பட்டோம்.

பிராட்கேஜ்ல தினசரி ஓடுன கடைசி நீராவி வண்டி 1995 டிசம்பர் 6, பஞ்சாப்ல ஜலந்தர்–ஃபெரோஸ்பூர் பக்கம். மீட்டர்கேஜுக்கு 1992ல யூனிகேஜ்னு எல்லா லைனையும் அகலமாக்குற திட்டம் வந்ததும் எஞ்சின் மட்டுமில்ல தண்டவாளமும் போச்சு.

இங்கிலாந்தில் டிரெயின்ஸ்பாட்டிங் (ரயில் எஞ்சின் நம்பரைப் பார்த்துக் குறித்து வைப்பது) என்பது பெரிய பொழுதுபோக்கு. நீங்கள் செய்தது அதைப் பார்த்துத்தானா? (லண்டனில் வசிக்கும் வாசகர்)

அண்ணே, சாத்தூர்ல மூணாம் கிளாஸ் பையனுக்கு லண்டனை யாரு காட்டுனா? அப்படி ஒரு பேரு இருக்குன்னே எனக்கு முப்பது வயசுக்கு மேலதான் தெரியும். தெரிஞ்சப்ப கொஞ்சம் வருத்தம்தான், நாங்கதான் கண்டுபிடிச்சோம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

ஆனா அவங்க வசதி வேற. அங்க ஐயன் ஆலன்னு ஒருத்தர், அந்த ஊரு சதர்ன் ரயில்வே ஆபீஸ்ல வேலை, எஞ்சின் விவரம் கேட்டு ஜனங்க எழுதுற லெட்டருக்கு பதில் எழுதி எழுதி அலுத்துப்போய், அந்த ரயில்வேயோட எல்லா எஞ்சின் நம்பரையும் ஒரு சின்ன புஸ்தகமா 1942ல அவரே போட்டுட்டார். ஒரு ஷில்லிங். அதுக்கு பேரு ஏபிசி. பசங்க அதை வாங்கி, பாத்த நம்பருக்கு அடியில கோடு போடணும். அதாவது மொத்தம் எத்தனை, இன்னும் எத்தனை பாக்கின்னு அவனுக்குத் தெரியும். எங்களுக்கு அந்த முழுப் பட்டியல் கிடையாது, கடலோரம் உக்காந்து அலையை எண்ணுன கதை.

அங்க முடிஞ்ச வேகமும் பயங்கரம். 1948ல ரயில்வேயை அரசுடைமையாக்குனப்ப 20,000 நீராவி எஞ்சினுக்கு மேல இருந்துச்சு. 1955ல டீசல், மின்சாரம்னு நவீனமாக்கும் திட்டம் போட்டாங்க. அதுக்கப்புறமும் 1960ல 'ஈவினிங் ஸ்டார்'னு கடைசி நீராவி எஞ்சினை ஸ்விண்டன்ல செஞ்சாங்க, செஞ்ச எஞ்சின் அஞ்சு வருஷத்துல ஓய்வுக்குப் போயிருச்சு. 1968 ஆகஸ்ட் 11ல 15 கினி (பழைய இங்கிலாந்துப் பணம்) டிக்கெட் போட்டு வழியனுப்பு வண்டி விட்டாங்க, அதோட சரி. பத்து வயசுல நோட்டை எடுத்த பையன் மீசை முளைக்குறதுக்குள்ள நோட்டுல எழுத ஆள் இல்லாம போச்சு. அந்தப் பசங்கதான் பெரியவங்களானதும் வேல்ஸ்ல பாரிங்கற ஊர்ல பழைய இரும்புக் கடையில நின்ன 213 எஞ்சினைக் காசு சேத்து மீட்டாங்க. நம்ம ஊர்ல எஞ்சின் நம்பர் எழுதுன பையன் பெரியவனாகி பத்திரிகையில கேள்வி பதில் எழுதுறான்.

தண்டவாளத்தில் காசு வைத்ததுண்டா? உண்மையைச் சொல்லவும். (சிவகாசி வாசகி)

உண்டு. சதுரமா இருக்குமே அலுமினியம் அஞ்சு பைசா, அதுதான். வண்டி போனதும் இலை மாதிரி ஆயிருக்கும், அசோகச் சிங்கம் பூனையாயிருக்கும். ஆணி வச்சா காந்தமாகும்னு ஒரு நம்பிக்கை வேற, எனக்கு ஒருநாளும் ஆகல. தண்டவாளத்தைப் பாத்துக்கிற கேங்மேன் ஒருத்தர் பாத்துட்டு காதைத் திருகி வீடு வரைக்கும் கூட்டிட்டு வந்தார். அவர் செஞ்சது சரி. பிள்ளைங்க யாரும் படிச்சா லைன் பக்கமே போகாதீங்கடா, இப்ப வர்ற மின்சார வண்டிக்கு புகையும் கிடையாது சத்தமும் கம்மி, வந்துதான் தெரியும்.

எங்கள் அப்பா ஃபயர்மேனாக இருந்து பிறகு டிரைவர் ஆனவர். நீங்கள் எல்லாம் கரி எஞ்சின் அழகு, அழகு என்று எழுதும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. அவர் உடம்பு பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். இதற்கு என்ன சொல்கிறீர்கள்? (திண்டுக்கல் வாசகி)

கோபம் நியாயம்மா. உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன், நீங்க எழுதுன இன்னும் சில விஷயங்களை இங்க போடல, அது உங்க வீட்டு விஷயம்.

எஞ்சின்ல ஒரு டிரைவர், ரெண்டு ஃபயர்மேன். ஒருத்தர் அடுப்புக்கு எதிர்ல நின்னு அள்ளிப் போட, இன்னொருத்தர் பின்னாடி கரி வச்சிருக்குற டெண்டர் பெட்டியில இருந்து கரியை உடைச்சு முன்னாடி தள்ள. மே மாசம் எங்க ஊரு வெயிலு எப்படின்னு உங்களுக்குத் தெரியும், அதுல முகத்துக்கு நேரா அடுப்பு. ஆடுற தரையில நின்னு, அடுப்பு வாயில எந்த மூலையில தீ மெலிஞ்சிருக்கோ அந்த மூலையில கரி விழணும், சும்மா குமிச்சா தீ அமுங்கிரும், நீராவி இறங்கிரும், வண்டி ஏத்தத்துல நின்னுரும். நான் மேல 'சர்க்கஸ்'னு எழுதுனது இதைத்தான். சக்கரம் வழுக்குறப்ப நான் கைதட்டுனேன். அடுப்புத் தீ தாறுமாறா உறிஞ்சப்பட்டு, பாத்துப் பாத்து போட்ட கரி பாதி புகைபோக்கி வழியா போறப்ப உங்க அப்பா மாதிரி ஒருத்தர் உள்ள என்ன சொல்லியிருப்பார்னு இப்ப யோசிக்கிறேன், பத்திரிகையில போடமுடியாத வார்த்தையாத்தான் இருக்கும்.

உங்க லெட்டர் இன்னொருத்தனையும் ஞாபகப்படுத்துச்சு. எங்க கிளாஸ்ல ஒருத்தன், பேரு வேண்டாம், தினமும் எங்களோட ஸ்டேஷனுக்கு வருவான். நாங்க எஞ்சினோட தலையைப் பாப்போம், அவன் காலைப் பாப்பான். அவன் கையில சாக்கு. தண்ணி பிடிக்க நிக்கிற எஞ்சின்ல இருந்து சாம்பலைத் தட்டுவாங்கள்ல, அதுல பாதி எரிஞ்ச கரி கிடக்கும், ஆறுறதுக்குள்ள குச்சியால கிளறி எடுக்கணும், இல்லாட்டி அடுத்தவன் எடுத்துருவான். அவனும் அவன் அக்காவும் பொறுக்குற கரியிலதான் அவங்க வீட்டுல சோறு வெந்துச்சு, மிச்சத்தை டீக்கடைக்கு விப்பாங்க. சில ஃபயர்மேன் இவனைப் பாத்ததும், கண்டுக்காத மாதிரி ஒரு ஷவல் நல்ல கரியைக் கீழ தவற விடுவாங்க. உங்க அப்பாவும் அப்படி விட்டிருக்கலாம்மா, கேட்டுப் பாருங்க.

நான் என் நோட்டைக் காட்டி இன்னிக்கு ரெண்டு புதுசுன்னு பீத்துனப்ப, அவன் எங்க யாருக்கும் தெரியாத ஒண்ணைச் சொன்னான்: எந்த எஞ்சின் நல்லா எரிச்சு வெறும் சாம்பலா தள்ளும், எந்த எஞ்சின் பாதி வெந்ததைத் தள்ளும்னு. நம்பர் சொல்லியே சொன்னான்! நோட்டே இல்லாம. எங்க ரெண்டு பேரையும்விட அவன்தான் எஞ்சினைப் பாத்தவன், அன்னிக்கு அது எனக்கு உறைக்கல, "கரி பொறுக்குறவனுக்கு நம்பர் எதுக்குடா"ன்னு ஏதோ சொல்லிச் சிரிச்சோம்.

பாசஞ்சருக்கும் டீசல் வந்த அன்னிக்கு ஊரே வேடிக்கை பாத்துச்சு. கரி எஞ்சின் போச்சேன்னு அழுதேன்னு எழுதுனா நல்லா இருக்கும், ஆனா பொய். குதிச்சேன். பளபளன்னு இருந்துச்சு, ஹாரன் புதுசா இருந்துச்சு, வேகமா கிளம்புச்சு, எங்க சட்டையில கரி படல. நோட்டுல டீசலுக்குன்னு தனிப் பக்கம் போட்டேன். அவன் சாக்கை மடிச்சு அக்குள்ல வச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் நின்னான். தண்டவாளத்துக்கு நடுவுல குனிஞ்சு பாத்தான், எண்ணெய் ஒரு சொட்டு சொட்டியிருந்துச்சு. அடுத்த வருஷம் அவன் ஸ்கூலுக்கு வரல, தீப்பெட்டி ஆபீஸுக்குப் போயிட்டான்.

அழகா இருந்துச்சுன்னு நான் சொன்னது பொய்யில்லம்மா, ஆனா அது தூரத்துல புங்க மரத்தடியில உக்காந்தவனுக்குத் தெரிஞ்ச அழகு. அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க.

என் பேரனுக்கு ஓடும் நீராவி எஞ்சினைக் காட்ட ஆசை. இப்போது எங்கே பார்க்கலாம்? (ஈரோடு வாசகர்)

பக்கத்துலயே இருக்கே, மேட்டுப்பாளையம் போங்க. நீலகிரி மலை ரயில், மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் வரைக்கும் நீராவி எஞ்சின்தான், குன்னூர்ல இருந்து ஊட்டிக்கு டீசல். குன்னூர் வரைக்கும் லைன் திறந்தது 1899, ஊட்டிக்கு 1908. மொத்தம் 46 கிலோமீட்டர். 2005ல யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்ல சேந்துச்சு. ஏறும்போது எஞ்சின் முன்னாடி இழுக்காது, பின்னாடி இருந்து முட்டித் தள்ளும், பேரன்கிட்ட முன்கூட்டியே சொல்லிருங்க, இல்லாட்டி எஞ்சினைக் காணோம்னு அழுவான். செங்குத்தான இடத்துல பன்னிரண்டு அடி போனா ஒரு அடி ஏறும், சும்மா சக்கரம் பிடிக்காது, அதனால ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல பல்லு வச்ச பட்டை, எஞ்சினுக்கு அடியில பல்சக்கரம், ரெண்டும் கவ்விக்கிட்டு ஏறும். பழைய எஞ்சின் எல்லாம் சுவிட்சர்லாந்துல இருந்து வந்தது. இதுல பல எஞ்சின் இப்ப கரிக்குப் பதிலா எண்ணெய்ல எரியுது. திருச்சி பொன்மலை ஒர்க்‌ஷாப்ல அப்படி புது எஞ்சினே செஞ்சாங்க, அது எனக்குப் பெரிய சந்தோஷம், எஞ்சினை நம்ம ஆளுங்க ஆணி முதல் செஞ்சிருக்காங்க.

மெட்ராஸ் போனா பெரம்பூர்ல ரயில் பெட்டி செய்யற ஐசிஎஃப் ஃபேக்டரி பக்கம் ரயில் மியூசியம் இருக்கு, அது நிக்கிற எஞ்சின். 1855ல செஞ்ச இஐஆர்21ங்கற எஞ்சினை பெரம்பூர் ஒர்க்‌ஷாப்ல 2010ல உயிர் கொடுத்து எழுப்புனாங்க, விசேஷ நாள்ல எப்பவாவது ஓட்டுவாங்க, பேப்பர்ல வரும், பாத்துக்கோங்க.

டிக்கெட்டை சீக்கிரம் போட்டுருங்க, மலை ரயில்ல சீட்டு கிடைக்கிறது குதிரைக்கொம்பு.

அந்த நோட்டு இன்னும் இருக்கிறதா? (பலர்)

இல்ல. நான் காலேஜ் படிக்க மதுரை போனப்ப அம்மா வீட்டை ஒழிச்சு, பழைய நோட்டு, உடைஞ்ச தகர டிரங்குப் பெட்டி, ஒரு ஓட்டை அண்டா எல்லாத்தையும் தெருவுல வந்த பழைய இரும்புக்காரர்கிட்ட பேரீச்சம்பழத்துக்குப் போட்டுட்டாங்க. லீவுக்கு வந்தப்ப அந்தப் பழத்துல கொஞ்சம் எனக்கு எடுத்து வச்சிருந்தாங்க. தின்னுட்டுத்தான் கேட்டேன், என் நோட்டு எங்கேன்னு.